ஏட்டில் ஏறிய பெயர்கள்



ஜொகூர் பாருவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையும், 1909ஆம் ஆண்டில் முடிவுற்ற ஜொகூர் இரயில் பாதையும் கூலாய் பட்டணத்தைத் தொட்டுக்கொண்டு செல்கின்றன. இப்பட்டணத்தைச் சுற்றி மூன்று வகையான குடியிருப்புகள் உண்டு. வடக்கே சென்றால் 'கெலாப்பா சாவிட்' என்னும் புதுக்கிராமம். செம்பனையையே பெயராகக் கொண்ட ஊர் அது. கோத்தா திங்கி செல்லும் சாலையில் திரும்பினால் 'தாய்ப் அண்டாக்' என்னும் பெல்டா நிலக் குடியேற்றம். இவ்விரண்டுக்கும் அக்கம்பக்கத்தில், நமக்கு மிகவும் பழக்கமான தோட்டங்களும் அவற்றின் லயத்து வீடுகளும். தோட்டங்கள் பல இன்று கைமாறிவிட்டன. லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் சென்ற நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் இம்மூன்று வகைக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து இருந்தன.

மண் ஒன்றே, பெய்யும் மழையும் ஒன்றே. ஒரு காலத்தில் ரப்பரும் பின்னர் செம்பனையும் இம்மூன்று இடத்து மக்களுக்கும் சோறு போட்டன. ஆனால் பெல்டாக்காரருக்கு நிலம் கிடைத்தது. புதுக்கிராமத்தாரில் பலருக்கு வீட்டு மனையேனும் கிடைத்தது. தோட்டத்தாருக்கு, வேலை இருக்கும் வரையில் குடியிருக்க ஓர் அறையும் ஓர் அடுப்படியும் மட்டுமே கிடைத்தன. இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், உழைப்பு என்பார் சிலர். அரசியல் என்பார் சிலர். விதி என்பார் வேறு சிலர். இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். விதியைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. இன்று நாம் ஆராயப் போவது, அதிகமாகக் கவனிக்கப்படாத வேறொரு காரணத்தை. அம்மூன்று இடங்களும் அரசாங்க ஏட்டில் மூன்று வெவ்வேறு சொற்களால் எழுதப்பட்டன. ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டத்தில் ஒரு வரையறை இருந்தது. அந்த வரையறையின் வழியாகத்தான் தண்ணீர்க் குழாயும், மின்சாரமும், நிலப் பட்டாவும் வந்தன, அல்லது வராமல் நின்றன.

கணினித் துறையினர் இத்தகைய சொற்பகுப்பை 'ஒண்டாலஜி' என்று அழைக்கின்றனர். தத்துவ ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் இது. உலகில் எவை எவை உள்ளன, எது எதனுள் அடங்கும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்பதையெல்லாம் ஐயத்திற்கு இடமின்றி வரையறுத்துக் கணினிக்கு விளங்கும்படி எழுதி வைப்பதே ஒண்டாலஜி. 1990களிலிருந்து இம்முறை வளர்ந்து, பல நாடுகளில் அரசாங்கத் திட்டங்களை நடைமுறைப்படுத்தவும் பயன்பட்டு வருகின்றது. வீடமைப்பு இலாகா 'குடும்பம்' என்று சொல்லும்போது தாய், தகப்பன், பிள்ளைகளை மட்டும் எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை இலாகாவோ பாட்டியையும் சேர்த்து எண்ணுகிறது. இரண்டு ஏடுகளையும் ஒன்றாக்க முயன்றால் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஆகவே முதலில் சொல்லைச் சரிசெய்ய வேண்டும் என்கின்றனர் அத்துறையினர்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய வேலையன்று. திவாகர நிகண்டைப் புரட்டிப் பாருங்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று உலகத்தையே தொகுதி தொகுதியாகப் பிரித்துத்தான் சொற்கள் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. அகர வரிசையில் சொல் தேடும் பழக்கம் பிற்காலத்தில் வந்தது. தொல்காப்பியமோ உயர்திணை, அஃறிணை என்ற பிரிவிலிருந்தே சொல்லதிகாரத்தைத் தொடங்குகிறது. ஆட்சி நடத்தவும் இப்பகுப்புக் கலை பயன்பட்டது. இராசராச சோழன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் அளந்த பின்னர், குடியிருப்பு நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றை இறையிலி என்று கழித்துவிட்டு, மிஞ்சிய நிலத்திற்கே வரி கணக்கிட்டிருப்பதைக் காண்கிறோம். ஒரு நிலத்துண்டு எந்தச் சொல்லின் கீழ் எழுதப்பட்டதோ அதைப் பொறுத்தே வரி விழுந்தது. கல்லில் வெட்டிய அந்த வேலையைத்தான் பிற்காலத்து அதிகாரிகள் காகிதத்தில் செய்தார்கள்.

இனி மலாயாவுக்கு வருவோம். நம் முன்னோர் இந்நாட்டில் எந்தச் சொல்லின் கீழ் எண்ணப்பட்டார்கள்?

தொடுவாய்க் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் 1871லும் 1881லும் மக்கள்தொகை கணக்கெடுத்தபோது, பற்பல சமூகத்தாரின் பெயர்களும் பெரும்பாலும் அகர வரிசையில் ஒரே பட்டியலாக எழுதப்பட்டன. 1891இல் அது மாறியது. மக்கள் சில பெரும் பிரிவுகளுள் அடக்கப்பட்டனர். அவற்றுள் ஒன்றுதான் 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்பது. அக்காலத்தில் இப்பிரிவுகளைத் 'தேசியம்' என்று குறித்தனர்; 1911ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலக் கணக்கெடுப்பில் 'இனம்' என்ற சொல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னர் 'இந்தியர்' என்பதே தலைப்பாகி, தமிழர் அதன் உட்பிரிவாயினர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவரும், சேலத்திலிருந்து வந்து பால் மரம் வெட்டியவரும் பேசிய மொழி தமிழ்தான். ஆனால் 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலத்தார் 'இந்தியர்' பிரிவிலும், யாழ்ப்பாணத்தார் 'மற்றவர்' பிரிவிலும் இடம்பெற்றனர். 1970இல் இலங்கைத் தமிழரும் இந்தியர் பிரிவுக்குள் கொண்டுவரப்பட்டனர். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அவர்கள் மொழியோ வழக்கமோ மாறிவிடவில்லை. அதே 1957இல் 'மலேசியர்' என்ற சொல் கணக்கெடுப்பு அறிக்கையில் மலாய்க்காரரையும், இந்தோனேசிய மக்களையும், பூர்வ குடிகளையும் மட்டுமே குறித்தது. 1963இல் மலேசியா உருவானதும் அச்சொல் நாட்டுக் குடிமக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. பழைய அறிக்கைகளைப் படிக்கும் மாணவர்கள் இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. 'மலேசியர் இத்தனை பேர், இந்தியர் இத்தனை பேர்' என்று பார்த்துவிட்டு, அப்படியானால் இந்தியர் மலேசியர் இல்லையா என்று கேட்பார்கள். அச்சொல்லின் பழைய பொருளை அவர்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும்.

கணக்கெடுப்பில் பெயர் மாறினால் ஒருவருக்கு இலாபமோ நட்டமோ உடனே தெரிவதில்லை. தொழிலாளர் சட்டத்தில் அப்படியன்று. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற பெயரில் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குப்படி அதற்குப் பணம் கட்டினார்கள். அப்பணத்தைக் கொண்டு கப்பற் செலவு கொடுத்துத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பிறகு அது இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. 1920களில் தென்னிந்தியத் தொழிலாளருக்கென்று 'நிர்ணயக் கூலி' வகுத்தபோதும் முதலில் இடங்களைத்தான் பகுத்தார்கள். போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போய்ச் சேர்வதற்குக் கடினமான உள்நாட்டு வட்டாரங்களில் 58 காசு, 46 காசு. பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும் வரையில் வெட்டும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கூலியை நிர்ணயித்ததோ, அத்தோட்டம் எந்தப் பட்டியலில் இருந்தது என்பதும் வெட்டியவர் ஆணா பெண்ணா என்பதும்.

பள்ளிக்கூடக் கதையும் இப்படிப்பட்டதே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்குமாறு முதலாளிக்கு உத்தரவிடலாம். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ளோரே பள்ளி வயதினர். இந்த ஒரு விதியின் கீழ்த்தான் நம் நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பான்மையானவை பிறந்தன. கங்காணியும், கிராணியும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தொழிலாளியுங்கூட ஆசிரியர்களாக இருந்தார்கள். கொட்டகை போன்ற கட்டடம். சில இடங்களில் ஆயாக் கொட்டகைக்கு அடுத்த அறை. அக்கல்வி போதுமானதாக இல்லை என்று குறை கூறுவோர் உண்டு, அக்குறை நியாயமானதே. ஆனாலும் அச்சட்டத்தில் 'பத்துக் குழந்தைகள்' என்ற சொல்லை எழுதிய அதிகாரி, தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு மொழியை இந்நாட்டில் நிலைநிறுத்த உதவினார். ஆசிரியர்களாகிய நாம் அவ்விதியை நன்றியோடுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

கூலாயில் நாம் முதலில் கண்ட மூன்று குடியிருப்புகள் எவ்வாறு உண்டாயின என்பதை இப்போது பார்ப்போம்.

1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் காட்டோரத்து மக்களிடமிருந்து அரிசியும் செய்தியும் போய்ச் சேர்வதைத் தடுக்க, 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். தெற்கிலிருந்து தொடங்கி வடக்கு நோக்கிச் செல்வது அத்திட்டம். ஆகவே 1950 ஜூன் மாதம் ஜொகூரில்தான் அது முதலில் ஆரம்பமாயிற்று. கூலாய் வட்டாரம் அவசரகாலக் கொடுமைகளை மிகுதியாகக் கண்ட பகுதி. வயதான தோட்டக்காரர்கள் முள்வேலி, சோதனைச் சாவடி, ஊரடங்கு, சமைத்த சோற்றையும் வெளியே எடுத்துச் செல்ல முடியாத கெடுபிடி ஆகியவற்றைப் பற்றி நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இத்திட்டத்தின் கீழ் மக்கள் இரண்டு வழிகளில் ஒன்று திரட்டப்பட்டனர். காட்டோரங்களில் பட்டா இல்லாத நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்தவர்களை, பெரும்பாலும் சீனரை, வேறோரிடத்திற்குக் கொண்டுபோய்ப் புதிய ஊர்களில் அமர்த்தினார்கள். இதற்கு 'மறுகுடியேற்றம்' என்று பெயர். சுமார் 480 புதுக்கிராமங்களில் ஏறத்தாழ 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இவ்வாறு அமர்த்தப்பட்டனர். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறி இருந்த தொழிலாளர் குடியிருப்புகளை, அதே தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே ஓரிடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். இதற்கு 'மறுதொகுப்பு' என்று பெயர். இவ்வாறு தொகுக்கப்பட்டோர் தொகை சுமார் ஆறரை லட்சம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்ட மக்கள்.

எண்ணிக்கையில் பெரியது எது என்று பாருங்கள். ஆயினும் வரலாற்றுப் பாடநூலில் புதுக்கிராமத்திற்கு ஒரு பாடம் உண்டு. மறுதொகுப்புக்கு ஒரு வரி இருந்தாலே அதிகம். பாடநூலை விட்டுத்தள்ளுவோம். உண்மையான வேறுபாடு அதன் பிறகுதான் தொடங்கியது. புதுக்கிராமம் அரசாங்க நிலத்தில் அமைந்த ஓர் 'ஊர்'. ஊர் என்று எழுதப்பட்டதால் அதற்கு ஊருக்குரிய உறுப்புகளெல்லாம் தேவைப்பட்டன. சாலை, தண்ணீர், பள்ளி, மருந்தகம், சமூக மண்டபம் ஆகியன வந்தன. 1952ஆம் ஆண்டு உள்ளூர் மன்றச் சட்டத்தின் கீழ், பல புதுக்கிராமத்தார் வாக்களித்துத் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வீட்டு மனைக்கு முதலில் தற்காலிக உரிமம் கொடுத்தார்கள். பின்னர் பலருக்குக் குத்தகைப் பட்டா கிடைத்தது. அதற்கும் நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது என்பதையும், அம்மக்கள் தம் பழைய வீடு வாசல்களை இழந்தே அங்கு வந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. வேலிக்குள் அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று.

தோட்டத்தில் தொகுக்கப்பட்ட லயமோ ஊர் ஆகவில்லை. அது ஒரு கம்பெனியின் சொத்து. அதற்கு மன்றம் இல்லை, தேர்தல் இல்லை, மனைக்குப் பட்டா என்ற பேச்சே இல்லை. இரண்டு இடத்திலும் முள்வேலி ஒரே கம்பியால்தான் கட்டப்பட்டது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்று வேலிகள் அகன்றபோது, ஒரு வேலிக்குள்ளிருந்து ஒரு பட்டணம் வெளிப்பட்டது. மற்றொரு வேலிக்குள்ளிருந்து பழைய லயமே வெளிப்பட்டது.

மூன்றாவது குடியிருப்பின் வரலாறு 1956இல் தொடங்குகிறது. அவ்வாண்டு நிலமற்றோருக்கு நிலம் கொடுக்கும் நோக்கத்துடன் பெல்டா நிறுவப்பட்டது. குடிமக்களாகவும், மணமானவர்களாகவும், நிலம் இல்லாதவர்களாகவோ சிறிதளவே உடையவர்களாகவோ இருப்போர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்கு 'குடியேற்றக்காரர்' என்று பெயர். காடு திருத்தி, ரப்பரும் செம்பனையும் நட்டு, கடனைச் சிறிது சிறிதாகக் கட்டி முடித்தால் நிலம் அவருடையதாகும். இந்தியக் குடும்பங்களும் சிலவற்றுக்கு இடம் கிடைத்தது. எண்ணிக்கை மிகக் குறைவு. செம்பனைக் குலையை வெட்டிச் சாய்க்கும் கம்பு, தாய்ப் அண்டாக்கிலும் பக்கத்துத் தோட்டத்திலும் ஒரே நீளந்தான். வெட்டியவர் ஒருவர் குடியேற்றக்காரர், மற்றவர் தொழிலாளி. ஒருவருக்குக் குலை விலை ஏறினால் மகிழ்ச்சி. மற்றவருக்கோ அந்த விலையேற்றம் கூலிப் பேச்சுவார்த்தை வரை காத்திருக்க வேண்டிய செய்தி.

துன் அப்துல் ரசாக் அவர்கள் கிராம மேம்பாட்டுப் பொறுப்பை ஏற்றபோது, 1960இல் 'சிவப்புப் புத்தகம்' என்ற முறையைக் கொண்டுவந்தார். நிர்வாகத் துறையில் இது ஓர் அருமையான கருவி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஒரு புத்தகம். அதில் மாவட்டத்தின் வரைபடம். அதன்மேல் சாலைக்கு ஒரு மெல்லிய தாள், தண்ணீருக்கு ஒரு தாள், பள்ளிக்கு ஒரு தாள் என்று விரித்துப் போடலாம். மாவட்ட அதிகாரியும் பல இலாகாக்காரர்களும் ஒரே மேசையில் அமர்ந்து அதை நிரப்பினார்கள். தலைநகரில் தேசிய இயக்க அறையில் சுவர் முழுவதும் படங்களை மாட்டி, எந்த வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று துணைப் பிரதமரே கேட்பார். கணினி வருவதற்கு முன்னரே, எல்லா இலாகாவும் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிக்கும்படி செய்த ஏற்பாடு அது. இன்று ஒண்டாலஜி என்று பேசுவோர் அப்புத்தகத்தைப் பார்த்தால் மதிப்பார்கள்.

ஆனால் அப்படத்தில் தோட்டம் எங்கே இருந்தது? கோடு போட்ட எல்லையாக இருந்தது. எல்லைக்குள் இருப்பது தனியார் சொத்து. அங்குள்ள வீடு, தண்ணீர், விளக்கு எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்பதால், கிராம மேம்பாட்டுத் திட்டங்களில் அவை சேரவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ தோட்டம் கிராமப்புறந்தான். 1970ஆம் ஆண்டுக் கணக்கில், பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் வாழும் அறிவிக்கப்பட்ட இடமே நகரம், மற்றவையெல்லாம் கிராமப்புறம். ஆக, தலை எண்ணும்போது தோட்டத்தார் கிராமத்தார்; தண்ணீர்க் குழாய் பதிக்கும்போது கிராமத்தார் அல்லர். ஒரே அரசாங்கத்தின் இரண்டு ஏடுகள் ஒரே சொல்லை இரண்டு பொருளில் வழங்கின. நம் தோட்டப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்த காலம் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1976இல் தொடங்கிய மூன்றாவது மலேசியத் திட்டம் ஏழைகள் யார் என்பதைத் தொழில்வாரியாகப் பட்டியலிட்டது. நெல் விவசாயிகள், சிறு ரப்பர் தோட்டக்காரர்கள், மீனவர்கள், தென்னை பயிரிடுவோர் ஆகியோருடன் தோட்டத் தொழிலாளர்களும் அதில் இடம்பெற்றனர். நல்லதே. ஆனால் மீனவருக்கு 1971இலேயே ஒரு வாரியம் அமைக்கப்பட்டிருந்தது; நெல் விவசாயிக்கும் அதே ஆண்டில் ஒரு வாரியம்; சிறு ரப்பர் தோட்டக்காரருக்கு 1973இல் ரிஸ்டா. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு நிறுவனம் அமையவில்லை. அவருக்கு முதலாளி இருக்கிறார், சங்கம் இருக்கிறது, 1966ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் இருக்கிறது என்று கருதப்பட்டது. பட்டியலில் பெயர் ஏறியது. அந்தப் பெயருக்கு எதிரே எந்த இலாகா என்ற இடம் காலியாக இருந்தது.

'தோட்டம்' என்ற சொல்லுக்கே ஓர் அளவு உண்டு. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஒரே உடைமையில் இருந்தால் அது தோட்டம், குறைந்தால் சிறுதோட்டம். இந்த நூறு ஏக்கர்க் கோடு 1950களில் பெருந்துயரத்திற்கு வழிவைத்தது. சுதந்திரம் வரப்போகிறது என்ற அச்சத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் ஒன்றை ஐம்பது ஏக்கர் வீதம் இருபது பேர் வாங்கினால், மரம் அத்தனையும் நின்ற இடத்திலேயே நிற்கும். அரசாங்கக் கணக்கில் மட்டும் அங்கே தோட்டம் இல்லை. அப்புறம் லயத்தைப் பழுது பார்ப்பது யார்? பள்ளியை நடத்துவது யார்? மருத்துவ உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இருபது பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரிடம் சிறு சிறு தொகையாகச் சந்தா திரட்டி, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார். துண்டாடலுக்கு நம்மவர் கொடுத்த பதில்களில் இதுவே சிறந்தது என்பது நம் கருத்து.

குடியுரிமைப் பிரச்சினையையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. 1957 ஆகஸ்ட் 31க்கு முன் பிறந்தவர்களிலும் வந்தவர்களிலும் பலர் குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், படிப்பறிவு இல்லாமல், அல்லது 'இதெல்லாம் எதற்கு, என்றைக்கிருந்தாலும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்' என்ற நினைப்பில் பலர் மனுச் செய்யாமலே இருந்துவிட்டனர். அவர்கள் கையிலிருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. அது நிரந்தரவாசி என்பதைக் காட்டியது. பல ஆண்டுகள் அதனால் ஒரு தொல்லையும் நேரவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்றாயிற்று. முப்பது ஆண்டு பால் வெட்டியவர் ஒரே நாளில் 'அந்நியத் தொழிலாளி' ஆனார். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். கணவன் கையில் சிவப்பு, மனைவி கையில் நீலம், பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள் என்றிருந்த வீடுகளில் நடந்தது என்ன என்பதைக் கணக்கு சொல்லாது.

இனி, இக்காலத்துக்கு வருவோம். 1980களிலிருந்து தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும், தொழிற்பேட்டைகளாகவும் மாறத் தொடங்கின. ஜொகூர் பாருவுக்கும் செனாய் விமான நிலையத்திற்கும் அண்மையில் இருப்பதால் கூலாய் வட்டாரத்தில் இம்மாற்றம் வேகமாக நடந்தது. தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளி லயத்தைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர் என்றாலும், அவருக்கு வீடு இருந்தது வேலையின் பொருட்டு. வெளியேறிச் சாலையோரத்தில் பலகையடித்துக் குடியேறினால், அரசாங்க ஏட்டில் அவர் 'புறம்போக்குக் குடியிருப்பாளர்'. தொழிலாளி என்ற சொல்லின் கீழ் சட்டம் அவருக்கு ஒரு வீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. புதிய சொல்லின் கீழ் அதே சட்டம் அவர் வீட்டை உடைக்க வந்தது. 2017இல் அரசாங்கம் வெளியிட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம், தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டோரையும் அடையாளப் பத்திரம் இல்லாதோரையும் தனியே குறிப்பிட்டது. துன்பம் தொடங்கி முப்பது ஆண்டு கழித்து அதற்கு ஒரு தலைப்புக் கிடைத்தது.

வறுமைக் கோட்டையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டில் நாட்டில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 0.4 என்று கணக்கிடப்பட்டிருந்தது. 2020இல் வறுமையை அளக்கும் முறையைத் திருத்தினார்கள். உணவின் தரம், இன்றைய தேவைகள் ஆகியவற்றைக் கருதி வரையறையை உயர்த்தியதும், அதே 2016ஆம் ஆண்டுக்கு விகிதம் 7.6 ஆயிற்று. எந்தக் குடும்பத்தின் சோற்றுப் பானையிலும் ஒரு பிடி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் அதுவரை ஏழை அல்லர் என்று எழுதப்பட்டிருந்த பல்லாயிரம் குடும்பங்கள், ஏழை என்ற பெயரைப் பெற்றன. திருத்தியது சரிதான், இன்னும் முன்னதாகவே செய்திருக்கலாம்.

2024 ஜனவரி 2ஆம் நாள் 'பாடு' என்னும் மத்தியத் தகவல் தளம் தொடங்கப்பட்டது. பல இலாகாக்களின் ஏடுகளை ஒன்றாக இணைத்து, உதவி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கண்டறிவது அதன் நோக்கம். துன் ரசாக்கின் சிவப்புப் புத்தகம் மாவட்டத்திற்கு ஒன்றாக இருந்தது. இது ஆளுக்கு ஒரு பக்கம். கூலாய் மாவட்டத்தின் பெயரே அண்மையில் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. 2008இல் ஜொகூர் பாருவிலிருந்து பிரிந்தபோது 'கூலாய்ஜெயா'. 2015 முதல் 'கூலாய்'. பழைய முகவரி, பழைய மாவட்டம், இடிந்துபோன லயத்தின் இலக்கம் ஆகியவை அடையாளக் கார்டில் இன்னும் இருக்கும் முதியவர்கள் நம் வட்டாரத்தில் இருக்கின்றனர். அவர்களுக்கு வரவேண்டிய கடிதம் இல்லாத வீட்டுக்குப் போகிறது.

தமிழ்ப் பள்ளிகளும் இந்த வகையில் சேர்ந்தவையே. பள்ளியின் நிலம் அரசாங்கத்திற்கு உரியதா, கம்பெனிக்கு உரியதா என்பதைப் பெரும்பாலும் பொறுத்து, அது முழு உதவி பெறும் பள்ளி அல்லது பகுதி உதவி பெறும் பள்ளி என்று வகுக்கப்படுகிறது. ஆசிரியர் சம்பளத்தை இரண்டுக்கும் அரசாங்கமே கொடுக்கிறது. கூரை ஒழுகினால்தான் வேறுபாடு தெரியும். தோட்டம் மறைந்து, மாணவரும் பட்டணத்துக்குப் போய்விட, பள்ளியும் வீடமைப்புப் பகுதிக்கு மாறிய இடங்கள் பல உண்டு. அங்கே நான்கு புறமும் கடைவீதியும் கல் வீடுகளும் இருக்க, பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங்', அதாவது தோட்டம், என்ற சொல் நிற்கும். பள்ளியின் உரிமமும் மாணவர் எண்ணிக்கையும் அப்பெயரில்தான் கல்விப் பகுதி ஏட்டில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இடம் மாறும்போதும் அப்பெயரையும் உடன் எடுத்துக்கொண்டே போகிறார்கள்.